மின்சாரக் காரின் முன்கண்ணாடி மாற்றம்: ஒரு வரலாறு

முன்கண்ணாடி என்பது காரில் ஓட்டுநருக்கு எதிரே, வண்டியின் முகப்பில் பொருத்தப்படும் கண்ணாடி. பட்டறைகளில் இதை ‘விண்ட்ஷீல்டு’ என்றும் ‘ஃப்ரண்ட் கிளாஸ்’ என்றும் சொல்வார்கள். காற்றையும் தூசியையும் தடுப்பதற்காகத் தொடக்கத்தில் இது காரில் இடம்பெற்றது. பின்னர் மோதலின்போது பயணியைத் தாங்குவது, கூரைக்கு முட்டுக்கொடுப்பது, காற்றுப்பைக்குப் பின்தாங்கலாக நிற்பது, கேமராக்களுக்குச் சாளரமாக இருப்பது என ஒவ்வொரு பொறுப்பாக இதன்மேல் ஏறியது. அதனால் உடைந்த கண்ணாடியைக் கழற்றிப் புதியதை மாட்டும் எளிய வேலையும் படிப்படியாகக் கடினமானது. இன்றைய மின்சாரக் கார்களில் இந்த வேலை கண்ணாடி ஒட்டுவதோடு முடிவதில்லை. வண்டியின் ‘பார்வை’யைச் சரிசெய்வதும் அதில் அடங்கும்.

தொடக்க காலம்

முதல் கார்களுக்கு முன்கண்ணாடி இல்லை. குதிரை வண்டியில் இல்லாத ஒன்று காருக்கும் தேவையாகத் தோன்றவில்லை. ஓட்டுநர்கள் கண்களுக்குக் காப்புக் கண்ணாடியும் உடலுக்கு நீண்ட மேலங்கியும் அணிந்து வண்டி ஓட்டினர். வேகம் கூடியபோது தூசியும் பூச்சியும் சிறு கற்களும் முகத்தில் அடித்தன. 1900களின் முதல் பத்தாண்டில் முன்கண்ணாடி தனியாக விலைகொடுத்து வாங்கும் கூடுதல் பொருளாக வந்தது. அது பெரும்பாலும் கிடைமட்டமாக இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல் பாதி அழுக்கானால் அதை மடக்கிவிட்டு வெறுங்கண்ணால் சாலையைப் பார்த்து ஓட்டலாம். மழைநீரைத் துடைக்கும் கைக்கருவிக்கு அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்றார்.

மூடிய கண்ணாடி அறை போன்ற கார்களை முன்னெடுத்ததில் அக்கால மின்சாரக் கார்களுக்குப் பங்குண்டு. 1907 முதல் டெட்ராய்ட் நகரில் தயாரான ‘டெட்ராய்ட் எலக்ட்ரிக்’ அவற்றில் பெயர்பெற்றது. பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டியிருந்தது. மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. புகையும் இரைச்சலும் இல்லை. நகருக்குள் சென்றுவரும் மருத்துவர்களும் பெண்களும் அதை விரும்பி வாங்கினர். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஒரு டெட்ராய்ட் எலக்ட்ரிக் வைத்திருந்தார். நான்கு புறமும் கண்ணாடி சூழ்ந்த வரவேற்பறை போல அந்தக் கார்கள் அமைந்தன. செய்வதற்குக் கடினமான, விலையுயர்ந்த வளைந்த கண்ணாடிகளும் அவற்றில் பொருத்தப்பட்டன.

1912இல் கேடிலாக் காரில் மின் தொடக்கி வந்தது. கைப்பிடி சுழற்றும் தொல்லை ஒழிந்ததும், நெடுந்தூரம் செல்லக்கூடிய, விலை குறைந்த பெட்ரோல் கார் சந்தையைப் பிடித்தது. டெட்ராய்ட் எலக்ட்ரிக் 1939 வரை சிறிய அளவில் தாக்குப்பிடித்தது. மின்சாரக் கார் மறைந்த பின்னும் மூடிய கார் நிலைத்தது. அதோடு உடையும் கண்ணாடியும் பயணிகளின் முகத்துக்கு நேரே நிலைத்தது.

அடுக்குக் கண்ணாடி

அன்று பயன்பட்டது சாதாரணத் தட்டுக் கண்ணாடி. உடைந்தால் அது நீண்ட, கூர்மையான துண்டுகளாகச் சிதறும். சிறு மோதலிலும் பயணிகளின் முகம் கிழிந்தது, கண் போனது. வண்டியில் இருந்தவர்களுக்கு மோதலைவிடக் கண்ணாடியே பெரிய ஆபத்தாக இருந்தது.

இதற்கான தீர்வு பிரெஞ்சு வேதியியலாளரும் ஓவியருமான எதுவார் பெனடிக்டஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1903இல் அவருடைய ஆய்வகத்தில் உயரத்திலிருந்து விழுந்த ஒரு குடுவை விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை என்பது வழிவழியாக வரும் செய்தி. முன்பு அதில் வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் உலர்ந்து, உட்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது. உடைந்த துண்டுகளை அந்தப் படலம் பிடித்துக்கொண்டது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே செல்லுலாய்டு படலத்தை வைத்து ஒட்டும் முறைக்கு அவர் 1909இல் காப்புரிமை பெற்றார். கண்ணாடி, படலம், கண்ணாடி என மூன்று அடுக்குகள் கொண்டதால் அது ‘டிரிப்ளெக்ஸ்’ எனப்பட்டது.

கார் நிறுவனங்கள் இதை உடனே ஏற்கவில்லை. விலை அதிகம் என்பது முதற்காரணம். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்வில்லைகளுக்கு இந்தக் கண்ணாடி பயன்பட்ட பிறகே அதன் பயன் பரவலாக உணரப்பட்டது. 1927 இறுதியில் அறிமுகமான ஃபோர்டு மாடல் ஏ காரில் அடுக்குக் கண்ணாடி முன்கண்ணாடியாக இடம்பெற்றது. குறைந்த விலைக் கார் வாங்குபவருக்கும் இவ்வாறு பாதுகாப்புக் கண்ணாடி கிடைத்தது.

ஆனால் செல்லுலாய்டு வெயிலில் மஞ்சளாகிவிடும். சில ஆண்டுகளில் சாலை மங்கித் தெரியும். 1930களின் இறுதியில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம் அதன் இடத்தைப் பிடித்தது. சுருக்கமாகப் பி.வி.பி. எனப்படும் இதுவே இன்றும் முன்கண்ணாடிகளின் நடு அடுக்கு.

பாக்ஸ்டர் வழக்கு

ஃபோர்டு மாடல் ஏ காரின் கண்ணாடி சிதறாது என்று நிறுவனத்தின் விற்பனைக் கையேடுகள் உறுதியாகச் சொல்லின. வாஷிங்டன் மாநிலத்தில் பாக்ஸ்டர் என்பவர் 1930இல் ஒரு மாடல் ஏ காரை விற்பனையாளரிடம் வாங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்னோகுவால்மி கணவாய் வழியே சென்றபோது, எதிரே கடந்த காரின் சக்கரத்திலிருந்து தெறித்த கூழாங்கல் முன்கண்ணாடியைத் தாக்கியது. கண்ணாடிச் சில்லுகள் பறந்து அவருடைய இடது கண்ணில் பாய்ந்தன. அந்தக் கண்ணின் பார்வை போனது.

அவர் ஃபோர்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். காரை அவருக்கு விற்றது இடையில் இருந்த விற்பனையாளர்தான். தங்களுக்கும் அவருக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை என்பது நிறுவனத் தரப்பின் வாதம். அக்காலச் சட்டத்தில் அது வலுவான வாதம். ஆனால் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1932இல் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. ஒரு கண்ணாடி சிதறுமா சிதறாதா என்பதைச் சாதாரண வாடிக்கையாளர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தயாரிப்பாளர் சொல்வதை நம்பித்தான் அவர் வாங்குகிறார். அந்தச் சொல் பொய்த்தால் தயாரிப்பாளரே பொறுப்பு என்றது நீதிமன்றம். வழக்கு மீண்டும் மேல்முறையீட்டுக்கு வந்தபோது, 1934இலும் தீர்ப்பு பாக்ஸ்டருக்கே ஆதரவாக அமைந்தது.

தயாரிப்பாளர் பொறுப்புச் சட்டத்தின் வரலாற்றில் இவ்வழக்கு இன்றும் அமெரிக்கச் சட்ட மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. முன்கண்ணாடியின் தரத்தை வாங்குபவர் கண்ணால் பார்த்து அறிய முடியாது என்று அன்று நீதிமன்றம் சுட்டிய உண்மை, கண்ணாடி மாற்றும் தொழிலில் பின்னர் எழுந்த எல்லாச் சிக்கல்களுக்கும் பொருந்துவது.

ரப்பர் பீடிங்கிலிருந்து பசைக்கு

தொடக்கத்தில் முன்கண்ணாடி தட்டையாக இருந்தது. 1934இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் ஏர்ஃப்ளோ வரிசையின் உயர்விலைக் காரில் ஒரே துண்டாலான வளைந்த முன்கண்ணாடி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளைந்த கண்ணாடி பரவலானது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறை இதற்குத் துணையானது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, இழைக்காமலே இருபுறமும் வழவழப்பான தகடு பெறும் முறை அது. பிசிறில்லாத கண்ணாடி மலிவாகக் கிடைத்தது.

அக்காலத்தில் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங் மாட்டி, அதன் பள்ளத்தில் காரின் தகட்டு விளிம்பு உட்காரும்படி பொருத்துவார்கள். மாற்றுவதும் எளிது. பீடிங்கின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிவைத்து, சோப்பு நீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உட்கார்ந்துவிடும். இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலை அது. வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துச் செல்லலாம்.

இம்முறையின் குறை மோதல்களில் தெரிந்தது. கண்ணாடி பீடிங்கோடு கழன்று விழுந்தது. இருக்கைப் பட்டை அணியாத பயணிகள் அந்த வழியே வெளியே வீசப்பட்டனர். கண்ணாடி கழலாமல் நின்றாலும் வேறு ஆபத்து இருந்தது. நடுப் படலம் மெல்லியதாக இருந்ததால் தலை அதைக் கிழித்துக்கொண்டு போகும். திரும்பும்போது உடைந்த விளிம்பு முகத்தையும் கழுத்தையும் அறுக்கும். இதைத் தடுக்க 1966ஆம் ஆண்டு மாடல் அமெரிக்கக் கார்களில் பி.வி.பி. படலத்தின் தடிமன் 0.38 மில்லிமீட்டரிலிருந்து 0.76 மில்லிமீட்டராக இரட்டிப்பாக்கப்பட்டது. புதிய படலம் கிழியாமல் வலை போல உள்வாங்கித் தலையைத் தாங்கியது.

அதே 1966இல் அமெரிக்காவில் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் கண்ணாடியின் தரத்துக்கான விதி எண் 205, 1968இல் நடைமுறைக்கு வந்தது. மோதலில் முன்கண்ணாடி தன் சட்டத்தை விட்டுக் கழலக்கூடாது என்னும் விதி எண் 212, 1970இல் நடைமுறைக்கு வந்தது. இவ்விதியை நிறைவேற்ற ரப்பர் பீடிங் போதவில்லை. கண்ணாடியை நேரடியாகத் தகட்டோடு ஒட்டும் முறை பரவியது. பல பசைகள் முயலப்பட்டு, இறுதியில் பாலியூரித்தேன் பசை நிலைத்தது.

பசை ஏற்ற பொறுப்பு

ஒட்டப்பட்ட கண்ணாடி காரின் கூட்டோடு ஒன்றானது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் முன்கண்ணாடிக்கும் பங்கு வந்தது. 1998ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் முன் இருக்கைப் பயணிக்கும் காற்றுப்பை கட்டாயமானது. பல கார்களில் பயணிப் பக்கக் காற்றுப்பை மேல்நோக்கி விரிந்து, முன்கண்ணாடியில் மோதி, அதன் பின்னரே பயணியை நோக்கித் திரும்பும். கண்ணாடி சரியாக ஒட்டப்படாவிட்டால் காற்றுப்பை அதை வெளியே தள்ளிவிடும்; பயணிக்குத் தாங்கல் இருக்காது.

தவறாக ஒட்டிய கண்ணாடியை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. மழைநீர் ஒழுகாமலும் காற்று விசிலடிக்காமலும் இருந்தால் வாடிக்கையாளருக்கு வேலை சரியாக முடிந்ததாகவே தோன்றும். அதன் குறை தெரிவது விபத்தில்தான். பாக்ஸ்டர் வழக்கு சுட்டிய அதே நிலை, இம்முறை தயாரிப்பாளரிடமிருந்து பட்டறைக்கு இடம்மாறியது. அமெரிக்கக் கண்ணாடி மாற்றும் தொழிலினர் தங்களுக்கென ஒரு தரநிலையை 2002இல் வெளியிட்டதன் பின்னணி இதுவே.

மின்சாரக் காரின் மறுவருகை

2012இல் டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ் வெளிவந்த பின் மின்சாரக் கார் மீண்டும் பெருஞ்சந்தைக்கு வந்தது. மின்சாரக் காரின் இயல்பே கண்ணாடியிடம் புதிய தேவைகளை முன்வைத்தது.

முதலாவது ஒலி. எஞ்சின் இரைச்சல் மறைந்ததும், அது மூடிவைத்திருந்த காற்றின் ஓசையும் சக்கரத்தின் ஓசையும் தெளிவாகக் கேட்டன. ஒலியை உறிஞ்சும் மென்மையான நடு அடுக்கு கொண்ட கண்ணாடிகள் இதற்காகப் பயன்படுகின்றன.

இரண்டாவது வெப்பம். பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தில் முன்கண்ணாடியின் பனியும் நீராவியும் தாமாகவே நீங்கின. மின்சாரக் காரில் அந்த வெப்பம் இல்லை. கண்ணாடியைச் சூடாக்கச் செலவாகும் ஒவ்வொரு அலகும் பேட்டரியிலிருந்து வருகிறது; அது பயணத் தொலைவைக் குறைக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கம்பிகளை ஓடவிட்டுச் சூடாக்கும் முறையை ஃபோர்டு 1985இல் ஐரோப்பாவில் கொண்டுவந்தது. குளிர்நாடுகளில் விற்கும் சில மின்சாரக் கார்கள் அத்தகைய கண்ணாடியை ஏற்றன. வெயில் நாடுகளில் ஏ.சி.யின் சுமையைக் குறைக்க அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் படலம் சேர்க்கப்படுகிறது.

மூன்றாவது அளவு. முன்னால் பெரிய எஞ்சின் இல்லாததால் வடிவமைப்பாளர்களுக்குக் கண்ணாடியை முன்னே நீட்டவும் சாய்க்கவும் இடம் கிடைத்தது. 2015இல் வந்த டெஸ்லா மாடல் எக்ஸ் காரின் முன்கண்ணாடி ஓட்டுநரின் தலைக்கு மேலும் நீண்டு கூரையின் ஒரு பகுதியாகிறது. பெரிய கண்ணாடியைத் தூக்கவும் சரியான இடத்தில் இறக்கவும் ஒருவரால் ஆகாது.

இவற்றோடு, வேகத்தையும் வழியையும் கண்ணாடியின் மேல் ஒளியாகக் காட்டும் திரையும் சேர்ந்தது. சாதாரணக் கண்ணாடியில் உள், வெளித் தகடுகள் இரண்டிலும் பிம்பம் விழுந்து இரட்டையாகத் தெரியும். அதைத் தவிர்க்க நடுப் படலத்தை மேலிருந்து கீழாகச் சற்றே ஆப்பு வடிவில் செய்கிறார்கள். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கண்ணாடிகளில் ஒன்று இந்தக் காருக்குப் பொருந்தும், மற்றது பொருந்தாது. ஒரே மாடல் காருக்கும் வசதிகளைப் பொறுத்துப் பல வகைக் கண்ணாடிகள் இருப்பதால், மாற்றும் வேலையின் முதல் படி சரியான கண்ணாடியைக் கண்டறிவதே.

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா

2014 அக்டோபர் முதல் மாடல் எஸ் கார்களில் உட்புறம், பின்காட்டும் கண்ணாடிக்கு அருகே ஒரு கேமரா பொருத்தப்பட்டது. 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அடுத்த தலைமுறையில் கார் முழுவதும் எட்டுக் கேமராக்கள்; அவற்றில் மூன்று முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. 2021 மே மாதம் முதல் வட அமெரிக்காவில் விற்கும் மாடல் 3, மாடல் ஒய் கார்களில் ரேடாரை டெஸ்லா கைவிட்டது. அதன்பின் அக்கார்கள் முன்னே உள்ளதை அறிய முன்கண்ணாடி வழியே பார்க்கும் கேமராக்களையே முதன்மையாக நம்புகின்றன. மழைத்துளி உணர்விக்குப் பதிலாகவும் கேமராப் படமே பயன்படுகிறது.

கேமரா மின்சாரக் காருக்கு மட்டும் உரியதல்ல. தானியங்கி அவசரத் தடுப்பான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலையில் புதிய மாடல்களுக்கும் 2024 ஜூலையில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. அதற்குப் பல பெட்ரோல் கார்களும் கேமராவைப் பயன்படுத்துகின்றன. ஆனால் மின்சாரக் கார்கள் பெரும்பாலும் அண்மையில் வடிவமைக்கப்பட்டவை. அதனால் அவற்றில் இந்த ஏற்பாடு பரவலாக உள்ளது.

கேமராவின் தாங்கி கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். புதிய கண்ணாடியில் அது இம்மியளவு விலகியிருந்தாலும் கேமராவின் கோணம் மாறும். கோணம் 1 பாகை பிசகினால், 100 மீட்டர் தொலைவில் பார்வை ஏறக்குறைய 1.75 மீட்டர் விலகும். நெடுஞ்சாலையின் ஒரு தடம் சுமார் 3.5 மீட்டர் அகலம் என்பதால் இது பாதித் தடம். பக்கத்துத் தடத்தில் செல்லும் வண்டியைத் தன் பாதையில் இருப்பதாகக் கருதிக் கார் திடீரெனத் தடுப்பான் போடலாம். தன் பாதையில் நிற்பதைக் கவனிக்காமலும் விடலாம்.

எனவே கண்ணாடி மாற்றியதும் ‘காலிபரேஷன்’ எனப்படும் சீரமைவு செய்யப்படுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. சமதளமான பட்டறையில், அளந்த தொலைவில் குறியீட்டுப் பலகையை நிறுத்தி, கணினி வழியே கேமராவுக்கு அதன் இடத்தைக் கற்பிப்பது ஒன்று. தடக்கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் வண்டியை ஓட்டி, கேமரா தானே கற்றுக்கொள்ள விடுவது மற்றொன்று. டெஸ்லா இரண்டாம் வகையைப் பின்பற்றுகிறது. சில பத்து கிலோமீட்டர் ஓடிச் சீரமைவு முடியும்வரை தானோட்ட உதவி வேலை செய்யாது.

மாற்றும் முறை

வைப்பர்களும் முகப்பு மூடிகளும் கேமரா மூடியும் முதலில் கழற்றப்படுகின்றன. மின்சாரக் காரின் உயரழுத்த மின்தடங்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். முன்கண்ணாடி வேலையில் அவற்றைத் தொடத் தேவையில்லை. ஆனால் கார் ஓசையின்றி ‘ஆன்’ நிலையில் இருக்கக்கூடும் என்பதால் வண்டியை முறையாக அணைத்த பிறகே வேலை தொடங்கும். பழைய பசையைக் கத்தியாலோ மெல்லிய கம்பியாலோ அறுத்துக் கண்ணாடியை எடுக்கிறார்கள். தகட்டு விளிம்பில் உள்ள பழைய பசையை முழுதும் சுரண்டுவதில்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் படலத்தை விட்டு, அதன்மேலேயே புதிய பசை இடப்படுகிறது. கத்தி பட்டுப் பெயின்ட் கீறினால் அங்கே துருப்பிடித்துப் பிடிப்பு போய்விடும் என்பதால் கீறலுக்கு உடனே பூச்சு இடவேண்டும்.

கண்ணாடியின் ஓரத்தில் காணப்படும் கறுப்புப் பட்டை அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. சூரியனின் புறஊதாக் கதிர் பசையை அரிக்காமல் அது காக்கிறது. அந்தப் பட்டையைத் துடைத்து, ‘பிரைமர்’ பூசி, முக்கோண வெட்டுள்ள குழல்முனையால் பசையை அறுபடாத ஒரே கோடாக இட்டு, உறிஞ்சு கோப்பைகளால் கண்ணாடியைத் தூக்கி ஒரே முறையில் இறக்குகிறார்கள். பாலியூரித்தேன் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவது. பசையின் வகை, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரு மணி நேரம் முதல் பல மணி நேரம் வரை வண்டியை எடுக்கக்கூடாது. அந்தக் காத்திருப்பு காற்றுப்பையும் கூரையும் தம் வேலையைச் செய்வதற்கானது. கேமராச் சீரமைவு அதற்குப் பிறகே.

சில்லும் விரிசலும்

எல்லாச் சேதத்துக்கும் கண்ணாடியை மாற்ற வேண்டியதில்லை. லாரிச் சக்கரத்தில் தெறிக்கும் கல் பெரும்பாலும் வெளித் தகட்டில் மட்டும் ஒரு சிறு சில்லைப் பெயர்க்கும். அந்தக் குழியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துத் தெளிவான பிசினைச் செலுத்தி, புறஊதா ஒளியில் இறுகவைக்கும் முறை 1970கள் முதல் வழக்கில் உள்ளது. சில்லு நாணய அளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஓரத்துக்கு அருகிலோ ஓட்டுநரின் நேர்ப் பார்வையிலோ இருக்கக்கூடாது. கேமராவின் எதிரே உள்ள பகுதியிலும் பிசின் வேலை தவிர்க்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளிச்சிதைவும் கேமராவைக் குழப்பும்.

சில்லைக் கவனிக்காமல் விட்டால் அது விரிசலாக நீளும். வெயிலில் நின்று கொதித்த காரில் ஏறியதும் ஏ.சி.யை முழு வேகத்தில் முன்கண்ணாடி மீது திருப்புவது இதற்கு ஒரு பொதுவான காரணம். உட்புறம் சுருங்க, வெளிப்புறம் விரிந்தே இருக்க, அந்த இழுவிசை சில்லின் முனையில் குவிகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் நெடுங்காலம் கார், பேருந்து, லாரி ஆகியவற்றின் முன்கண்ணாடிகள் பெரும்பாலும் கடினமாக்கிய ஒற்றைத் தகட்டுக் கண்ணாடிகளே. கல் பட்டால் அது முழுதும் ஒரே கணத்தில் வெள்ளையாகிச் சிறு மணிகளாக நொறுங்கும். எதிரே ஒன்றும் தெரியாமல், ஓட்டுநர் கையால் குத்தி ஓட்டையிட்டு வண்டியை ஓரங்கட்டுவார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993இல் செய்யப்பட்ட திருத்தம், மூன்று ஆண்டுகள் கழித்துத் தயாராகும் வாகனங்களுக்கு அடுக்கு முன்கண்ணாடியைக் கட்டாயமாக்கியது. முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விடவேண்டும் என்பதும் விதி. கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடைசெய்தது.

1984இல் ஜப்பானின் அசாஹி, மாருதி நிறுவனங்களின் கூட்டுப் பங்கோடு தொடங்கிய அசாஹி இந்தியா நிறுவனம் கார்க் கண்ணாடித் தயாரிப்பில் முன்னிலை பெற்றது. பிரான்சின் செயின்ட் கோபைன் நிறுவனம் 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் மிதவைக் கண்ணாடி ஆலையைத் தொடங்கியது. அதே வட்டாரத்தின் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையில் கோனா எலக்ட்ரிக் கார் 2019 முதல் பூட்டப்பட்டது. 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. 2001இல் பெங்களூரில் வெளிவந்த சிறிய ரேவா மின்சாரக் காரின் எளிய முன்கண்ணாடிக்கும் இன்றைய இந்திய மின்சாரக் கார்களின் கேமராக் கண்ணாடிக்கும் இடையே கால் நூற்றாண்டே இடைவெளி.

இந்திய மோட்டார் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகை தேய்மானமாகக் கழிக்கப்படும். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கிடையாது. ஆனால் இழப்பீடு கோரினால், தனிக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திராதவருக்கு ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடும். சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டேக் வில்லை முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்படுவது. உரித்தால் பயனற்றுப்போகும்படி செய்யப்பட்டது. கண்ணாடியை மாற்றினால் அதையும் புதிதாகப் பெறவேண்டும்.

யார் மாற்றுவது

கேமராவும் மென்பொருளும் சேர்ந்ததும், கண்ணாடி மாற்றும் வேலை தெருமுனைப் பட்டறையிலிருந்து நிறுவன சேவை மையத்துக்கு நகரத் தொடங்கியது. சீரமைவுக்கான மென்பொருளும் குறியீட்டுப் பலகைகளும் விலை மிக்கவை. தயாரிப்பாளர் தரவைத் திறந்துவிடாவிட்டால் தனிப் பட்டறைகளால் வேலையை முடிக்க இயலாது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இயக்கம் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் கார்ப் பழுதுத் தரவுகளைத் தனிப் பட்டறைகளுக்கும் தரவேண்டும் என்று சட்டம் இயற்றியது. கம்பியில்லா முறையில் கார்கள் அனுப்பும் தரவையும் அதில் சேர்க்க 2020இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர்.

தயாரிப்பாளர்களின் வாதத்திலும் பொருள் உண்டு. மூல நிறுவனம் அல்லாதவர் தயாரித்த கண்ணாடியில் கேமராவின் எதிரே சிறு ஒளிச்சிதைவு இருந்தாலும் சீரமைவு தவறலாம். அதே வேளை, செலவு எட்டாத உயரத்துக்குப் போனால் மக்கள் விரிசல் விட்ட கண்ணாடியோடே வண்டி ஓட்டுவார்கள். அல்லது சீரமைவைத் தவிர்த்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் ஒட்டிக்கொள்வார்கள். இரண்டுமே ஆபத்து. அதனால் கண்ணாடி மாற்றிக்கொள்பவர் கேட்டுப் பெறவேண்டியவை இன்று மூன்று: தன் காரின் வசதிகளுக்கு உரிய கண்ணாடி வகை எது, பசை இறுக எவ்வளவு நேரம் வண்டியை நிறுத்தவேண்டும், கேமராச் சீரமைவு முடிந்ததற்கான பதிவு எங்கே. கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியாத வேலைக்கு இந்த மூன்று விடைகளே வாடிக்கையாளரின் கையில் உள்ள சான்று.